அப்பா போன பிறகு அம்மா ஓய்வூதியர் சங்கத்தில் சேரணுமா? சந்தா கட்டினால் என்ன கிடைக்கும்?

காவிரிக்கரை:

அப்பா தபால் துறையில் சப் போஸ்ட்மாஸ்டராக இருந்து 2004-ல் ஓய்வு பெற்றவர். போன தை மாசம் தவறிட்டார். அம்மாவுக்கு வயசு 79, கும்பகோணத்தில் தனியாகத்தான் இருக்காங்க. ஃபேமிலி பென்ஷன் ஒழுங்கா வருது.

அப்பா இருந்த ஓய்வூதியர் சங்கத்திலிருந்து ரெண்டு பெரியவங்க துக்கம் விசாரிக்க வந்தாங்க. கிளம்பும்போது அம்மா பேரில் ஆயுள் சந்தா கட்டிச் சேர்ந்துக்கச் சொல்லி ஒரு படிவம் கொடுத்துட்டுப் போனாங்க. தம்பி வேண்டாங்கிறான். "பென்ஷன் தானா கணக்குல விழுது, கூட்டத்துக்கு அம்மா போகவா போறாங்க, எதுக்குக்கா?"ன்னு கேக்கறான். தொகை பெரிசில்லை. ஆனா அவன் கேள்விக்கு எங்கிட்ட பதிலும் இல்லை. அப்பா மாசா மாசம் கூட்டத்துக்குப் போவார், அங்கே என்ன நடக்கும்னு நாங்க யாரும் கேட்டதில்லை. இந்தச் சங்கங்கள் நிஜமா என்ன செய்யுது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய ஆர்.எம்.எஸ்.:

சகோதரி, முதல்ல அப்பாவுக்கு என் அஞ்சலி. நான் வேறொரு ஊரில் இதே மாதிரி ஒரு சங்கத்தின் கிளைச் செயலாளராக இருந்தவன். சந்தாவைப் பத்தி அப்புறம் பேசலாம். இன்னைக்கே ஒரு வேலை செய்யுங்க. அப்பாவோட பி.பி.ஓ. புத்தகத்தை, அதாவது ஓய்வூதிய ஆணைப் புத்தகத்தை எடுத்து, அதில் அம்மாவின் பிறந்த தேதி எழுதியிருக்கான்னு பாருங்க.

ஏன்னா 80 வயசு முடியற மாசத்திலிருந்து அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலா வரணும். 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறு வயசில் முழு ஓய்வூதியமே இன்னொரு மடங்கு. குடும்ப ஓய்வூதியத்துக்கும் இது உண்டு. பழைய பி.பி.ஓ. பலதில் மனைவி பேர் மட்டும்தான் இருக்கும், பிறந்த தேதி இருக்காது. தேதி இல்லேன்னா கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும், இந்த அம்மாவுக்கு 80 ஆச்சுன்னு? பணம் தானா விழும்னு தம்பி சொல்றது அடிப்படைத் தொகைக்குச் சரி. இதுக்குச் சரியில்லை. 83, 84 வயசு வரைக்கும் கூடுதல் தொகை வராமலே இருந்த அம்மாக்களைத் தேடிப் பிடிச்சு விண்ணப்பம் போட வைக்கிறதே எங்க கிளையில் ஒரு பெரிய வேலையா இருந்தது. உறுப்பினர் பதிவேட்டில் துணைவியார் பிறந்த தேதிக்குன்னு ஒரு பத்தி போட்டு வெச்சிருந்தோம். வருஷத்துக்கு ஒரு தடவை புரட்டிப் பார்ப்போம்.

இது சின்ன வேலை. பெரிய வேலை எதுன்னு கேட்டா நகரா வழக்கு. 1979-ல் மத்திய அரசு ஓய்வூதியக் கணக்கீட்டைத் தாராளமாக்கினாங்க. ஆனா 31-3-1979 அன்னைக்கோ அதுக்குப் பிறகோ ஓய்வு பெற்றவங்களுக்கு மட்டும்தான்னு கோடு போட்டுட்டாங்க. அதுக்கு முந்தின நாள் போனவன் பழைய கணக்கிலேயே கிடக்கணும். டி.எஸ். நகரா என்பவர் உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கில் மூணாவது மனுதாரர் யார் தெரியுமா? ஹெச்.டி. ஷூரி தொடங்கின 'காமன் காஸ்' என்ற பதிவு பெற்ற சங்கம். வயசான ஆட்கள் ஒவ்வொருத்தரா கோர்ட் படியேற முடியாது, அவங்களுக்காக ஒரு அமைப்பு வரலாம்னு ஐந்து நீதிபதிகள் அமர்வு ஏத்துக்கிட்டது. 17-12-1982 அன்னைக்குத் தீர்ப்பு. ஓய்வூதியம் அரசு போடற பிச்சையோ, இஷ்டப்பட்டுக் கொடுக்கிற பரிசோ இல்லை, செய்த வேலைக்கான உரிமைன்னு சொன்னாங்க. தேதிக் கோடு செல்லாதுன்னாங்க. அதனாலதான் டிசம்பர் 17-ஐ ஓய்வூதியர் தினமாக் கொண்டாடறோம். அப்பா அந்த நாளில் வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டுக் கிளம்பினது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம்.

அதே காமன் காஸ் இன்னொரு வழக்கும் போட்டது. ஓய்வு பெறும்போது பென்ஷனில் ஒரு பங்கை கம்யூட் செய்து மொத்தமா வாங்கினா, அந்தப் பங்கு ஆயுசுக்கும் போயிடும்னு இருந்தது. 1986-ல் உச்ச நீதிமன்றம் 15 வருஷம் கழிச்சுத் திரும்பக் கொடுக்கணும்னு சொல்லிடுச்சு. உங்கப்பா 2004-ல் கம்யூட் செய்திருந்தா, 2019-ல் அந்தத் தொகை அவர் பென்ஷனில் திரும்பச் சேர்ந்திருக்கும். பாஸ்புக்கைப் பாருங்க, தெரியும்.

நூற்பாலை மகன்:

ஐயா சொல்றது எல்லாம் அரசு ஊழியர்களுக்கு. எங்கப்பா கோயம்புத்தூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் ரிங் ஃபிரேம் ஓட்டினவர். வாழ்க்கையில் பாதிக்கு மேல பஞ்சு தூசியில்தான் போச்சு. இ.பி.எஸ்.-95-ல், அதாவது பி.எஃப். பிடிச்ச தொழிலாளிகளுக்கான பென்ஷன் திட்டத்தில், இப்போ அவருக்கு வர்றது ஆயிரத்து முன்னூத்திச் சொச்சம். அகவிலைப்படி கிடையாது. கிடைக்க ஆரம்பிச்ச அன்னைக்கு என்னவோ, சாகற அன்னைக்கும் அதேதான். எந்தச் சங்கம் வந்து எங்கப்பாவைப் பார்த்தது?

இன்னொண்ணும் சொல்லணும். ஒரே துறைக்கு ஊருக்கு மூணு சங்கம் இருக்கு. வேலை பார்த்த காலத்தில் இருந்த யூனியன் சண்டையை ஓய்வு பெற்ற பிறகும் விடலை. தலைவர் அதே தலைவர், பொருளாளர் அதே பொருளாளர். மேடையில் ஒரு பொம்பளை கிடையாது. மூத்த குடிமக்களுக்கு ரயில் சலுகைன்னு சொல்வாங்க, ஆண்களுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 50. 2020 மார்ச்சில் நிறுத்தினாங்க. இத்தனை சங்கம் மனுக் கொடுத்தும் இன்னும் திரும்ப வரலையே? பலம் இருந்தா வந்திருக்கணும்ல?

பழைய ஆர்.எம்.எஸ்.:

தம்பி, ரயில் சலுகையில் நாங்க தோத்துட்டோம், மறைக்க ஒண்ணுமில்லை. 2020 ஜனவரியிலிருந்து 18 மாசம் நிறுத்தி வெச்ச அகவிலைப்படி நிலுவையும் வரலை. எல்லாத்துலயும் ஜெயிச்சோம்னு நான் எங்கேயும் சொல்லலை. மூணு சங்கம் விஷயத்தில் நீங்க சொல்றதும் உண்மை. ஒரே கோரிக்கைக்கு மூணு லெட்டர்ஹெட்டில் மனு போனா வாங்கற அதிகாரிக்கு வசதி.

ஆனா மில் தொழிலாளிக்கு யாருமே இல்லைன்னு சொல்லாதீங்க. அதுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இந்தக் குழுவிலேயே இருக்கார்.

பென்ஷன் ஆயிரம்:

என்னைத்தான் சொல்றார். வணக்கம். நான் தனியார் எஞ்சினியரிங் கம்பெனியில் டர்னராக இருந்தேன், இ.பி.எஸ். ஓய்வூதியர் சங்கத்தில் எங்க வட்டாரத்துக்குப் பொறுப்பு.

தம்பியோட கோபம் எனக்கும் உண்டு. கணக்கைப் பாருங்க. சம்பளத்தை வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்கணும், அதுதான் சூத்திரம். அதில் சம்பளம்னு எடுத்துக்கிறதே உச்சவரம்புக்கு உட்பட்டதுதான். 2014 செப்டம்பருக்கு முன்னால் 6,500, அதுக்கப்புறம் 15,000. முழு 35 வருஷம் 15,000 கணக்கில் இருந்தாலும் 7,500-தான் வரும். மில்லில் அடிப்படைச் சம்பளம் குறைச்சலாப் போட்டுட்டு மீதியைப் படியாக் கொடுத்தவங்களுக்கு ஆயிரத்துச் சொச்சம்தான். குறைந்தபட்சம் 1,000 ரூபாய்ன்னு 2014-ல் வந்தது. அந்த ஆயிரம்கூட தானா வரலை தம்பி. அதுக்கு முன்னால் மாசம் நூறு, இருநூறு வாங்கினவங்க உண்டு. சங்கங்கள் டெல்லிக்கு நடையா நடந்துதான் அது வந்தது. இப்போ 7,500 ரூபாயும் அகவிலைப்படியும் கேட்கிறோம். மகாராஷ்டிராவில் புல்டாணாவில் இதுக்காக வருஷக்கணக்கா தொடர் உண்ணாவிரதம் நடந்திருக்கு. நாடு முழுக்க எழுபது லட்சத்துக்கும் மேல பேர் இந்தப் பென்ஷனில் இருக்கோம். ஆனா சங்கத்தில் இருக்கிறவங்க அதில் ரொம்பக் கொஞ்சம்.

காரணமும் சொல்றேன். அரசு ஊழியர் ஓய்வு பெற்றாலும் ஒரே அலுவலகத்து ஆள், ஒருத்தரை ஒருத்தர் தெரியும். நாங்க ஆயிரம் கம்பெனியில் சிதறிக் கிடந்தவங்க. பல கம்பெனி மூடியாச்சு. எங்க ஆளுங்க 65 வயசிலும் வாட்ச்மேன் வேலைக்குப் போறாங்க, ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு எங்கிருந்து வருவாங்க? பென்ஷனே ஆயிரம்னா, அதில் சந்தா கேட்கவே எனக்கு நாக்கு எழாது. ரொம்பத் தேவைப்படற இடத்தில்தான் சங்கம் ரொம்ப நோஞ்சானா இருக்கு. இதை நான் தினம் பார்க்கிறேன்.

2022 நவம்பர் 4 அன்னைக்கு எங்க பென்ஷன் பத்தி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தப்போ நடந்ததைச் சொல்றேன். முழுச் சம்பளத்துக்குப் பென்ஷன் வேணும்னு விருப்பம் தெரிவிக்க நாலு மாசம் கொடுத்தாங்க. அப்புறம் நீட்டி நீட்டி 2023 ஜூலை 11 வரை போச்சு. எல்லாம் ஆன்லைன். கம்பெனியும் சேர்ந்து ஒப்புதல் கொடுத்த பழைய ஆதாரம் கேட்டாங்க. எங்க சங்க ஆபீஸ்னா ஒரு டெய்லர் கடை மாடி. அங்கே சாயங்காலம் ஆச்சுன்னா தகரப் பெட்டியோட ஆளுங்க வருவாங்க. செல்லரிச்ச சம்பளச் சீட்டு, பி.எஃப். வருடாந்தரச் சீட்டு, கம்பெனி கடிதம்னு எல்லாம் கலந்து கிடக்கும். ஒரு ரிட்டயர்டு அக்கவுண்டன்ட் தரையில் பரப்பி வருஷவாரியா அடுக்குவார், அவர் பேத்தி லேப்டாப்பில் ஏத்துவா. கட்ட வேண்டிய நிலுவை, வட்டி எவ்வளவு, அதைக் கட்டினா எத்தனை வருஷத்தில் போட்ட காசு திரும்பும்னு கணக்குப் போட்டுச் சிலரை "வேண்டாம் விடுங்க"ன்னும் சொன்னோம். இன்டர்நெட் சென்டரில் இதையெல்லாம் யார் சொல்வாங்க?

ஒரு வருத்தமும் உண்டு. அதிகச் சம்பளம் வாங்கினவங்களுக்கு அந்தத் தீர்ப்பு முக்கியம், ஆயிரம் ரூபாய்க்காரனுக்குக் குறைந்தபட்சத் தொகை முக்கியம். தீர்ப்பு வந்த வருஷம் பூரா சங்கத்தின் நேரமெல்லாம் முதல் வகைக்கே போச்சு. பேசத் தெரிஞ்சவன் பிரச்சினைதான் முதல்ல மேசைக்கு வரும்.

மதுரை டீச்சரம்மா:

பென்ஷனே இல்லாதவங்களைப் பத்தி நானும் கொஞ்சம் பேசறேன். நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, எங்க பகுதி மூத்த குடிமக்கள் சங்கத்தில் இருக்கேன். துறை வாரிச் சங்கம் இல்லை இது. 60 தாண்டின யாரும் சேரலாம். பூக்கட்டறவங்களும் இருக்காங்க, ரிட்டயர்டு தாசில்தாரும் இருக்கார்.

2007-ஆம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பலருக்குப் பேர் தெரியும். அதில் 5-ஆம் பிரிவு என்ன சொல்லுதுன்னு பாருங்க. பெரியவர் தானே மனுக் கொடுக்க முடியாத நிலையில் இருந்தா, அவர் அதிகாரம் கொடுத்த வேறொருத்தரோ ஓர் அமைப்போ கொடுக்கலாம். அமைப்புன்னா பதிவு பெற்ற தன்னார்வச் சங்கம். நம்ம மாதிரி சங்கத்துக்குச் சட்டமே ஒரு நாற்காலி போட்டு வெச்சிருக்கு. பல சங்கங்கள் அதில் உட்காரவே இல்லை.

எங்க தெருவில் ஒரு பாட்டி, பேர் வேண்டாம். வீட்டை மூத்த மகன் பேருக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துட்டாங்க. ஆறு மாசத்தில் மாடிப்படிக்குக் கீழே படுக்கை. இந்தச் சட்டத்தில் மனுவை விசாரிக்கிறது வருவாய்க் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. நாங்க அவர் ஆபீசில் மனுப் போடலாம்னதும், "என் புள்ளையை நானே கோர்ட்டுக்கு இழுக்கறதா? ஊர் என்னைத் துப்பும்"னு சொல்லிக் கையெழுத்துப் போட மறுத்துட்டாங்க. எத்தனையோ பேர் இந்த இடத்திலேயே நின்னுடறாங்க. சங்கத்துப் பெண்கள் மாத்தி மாத்திப் போய் சும்மா உட்கார்ந்து பேசிட்டு வந்தோம். கடைசியில் அவங்களே கேட்டது ஒண்ணுதான்: "நீங்க மனுப் போட்டதா இருக்கட்டும், நான் போட்டதா வேண்டாம்." அப்படித்தான் அதிகாரக் கடிதம் வாங்கி, சங்கம் பேரில் போட்டோம். விசாரணை அன்னைக்கு ஆர்.டி.ஓ. கேட்டப்போ பாட்டி மகனைப் பார்க்கவே இல்லை, என் முந்தானை நுனியைப் பிடிச்சுக்கிட்டே பதில் சொன்னாங்க. சமரசத்திலேயே முடிஞ்சது. மாசத் தொகையும் உள்ளறையும் எழுத்தில் வந்தது.

சட்டத்தில் பராமரிப்புத் தொகைக்கு மாசம் 10,000-னு ஓர் உச்சவரம்பு இருக்கு. 23-ஆம் பிரிவு இன்னும் முக்கியம். கவனிச்சுக்கணும்கிற நிபந்தனையோட சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கினவங்க கவனிக்கலைன்னா அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யலாம். 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பெரியவங்களுக்குச் சாதகமா விரிச்சே படிக்கணும், சொத்தின் சுவாதீனத்தையும் திரும்பக் கொடுக்கச் சொல்லலாம்னு தீர்ப்புச் சொல்லியிருக்கு. இருந்தாலும் பத்திரம் எழுதறதுக்கு முன்னாலேயே "கடைசி வரை பராமரிக்க வேண்டும்"னு ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க. எங்க கூட்டத்தில் யாராவது "எழுதி வெச்சிடலாம்னு இருக்கேன்"னு வாயெடுத்தாலே நாலு பேர் இந்த வரியைத்தான் சொல்வோம்.

எடிசன் ராஜி:

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு சின்னச் செய்தி. இங்கே ஏ.ஏ.ஆர்.பி.ன்னு ஒரு சங்கம் இருக்கு, 50 வயசானா யாரும் சேரலாம், கோடிக்கணக்கில் உறுப்பினர்கள். எதெல் பெர்சி ஆண்ட்ரஸ் என்ற ஓய்வு பெற்ற பள்ளி முதல்வர் 1947-ல் முதல்ல ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. வயசானவங்களுக்கு இன்ஷூரன்ஸ் கொடுக்க அப்போ எந்தக் கம்பெனியும் தயாரா இல்லை. ஆசிரியர் இல்லாதவங்களும் கேட்க ஆரம்பிச்சதும் 1958-ல் எல்லாருக்குமா இதைத் தொடங்கினாங்க. மெடிகேர்ங்கிற அரசு மருத்துவக் காப்பீட்டில் இருக்கிறவங்களுக்கு மருந்துச் செலவு வருஷத்துக்கு இவ்வளவுக்கு மேல கையிலிருந்து போகக்கூடாதுன்னு 2022-ல் சட்டம் வந்தது, 2025-ல் 2,000 டாலர் வரம்போட அமலாச்சு. அதுக்கு இவங்க அழுத்தம் பெரிய காரணம். என் மாமியாருக்கு அதில் நேரடிப் பலன்.

ஆனா அவங்க வருமானத்தில் பெரும்பங்கு சந்தா இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனி தங்கள் பேரைப் போட்டு விக்கிறதுக்குக் கொடுக்கிற ராயல்டி. அதனால "நீங்க யாருக்காகப் பேசறீங்க?"ங்கிற கேள்வி இங்கே ஓயறதே இல்லை. 2003-ல் மருந்துத் திட்ட மசோதாவை ஆதரிச்சப்போ கோபப்பட்டுப் பல ஆயிரம் பேர் விலகினாங்க. காவிரிக்கரை அக்கா, உங்க சங்கம் அம்மாவோட சந்தாவில் ஓடுதுன்னா, அம்மாவுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கு. அது நல்ல விஷயம்னு நான் நினைக்கிறேன்.

காவிரிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. ஆர்.எம்.எஸ். ஐயா, தம்பியை விட்டுப் பீரோவிலிருந்து பி.பி.ஓ.-வை எடுக்கச் சொல்லி போட்டோ அனுப்பச் சொன்னேன். அம்மா பேர் இருக்கு, பிறந்த தேதிக்கான இடம் வெறுமையா இருக்கு. அடுத்த ஆவணியில் 80 முடியுது. தம்பி ஒண்ணும் பேசலை, படிவத்தை அவனே நிரப்பிட்டான்.

அம்மா கேட்கிற கேள்வி வேற: "அங்கே பொம்பளைங்க வருவாங்களா? இல்லேன்னா நான் போய் யார் பக்கத்தில் உட்காருவேன்?"

மதுரை டீச்சரம்மா:

அம்மா சரியாத்தான் கேட்கிறாங்க. குடும்ப ஓய்வூதியம் வாங்கறவங்க பெரும்பாலும் பெண்கள். ஆனா செயற்குழுப் பட்டியலைப் படிச்சா ஒரு பெண் பேர் இருக்காது, இருந்தா மகளிர் அணின்னு ஒரு ஓரத்தில் இருக்கும். நூற்பாலைத் தம்பி சொன்னதில் இதுதான் என்னைக் குத்தினது. கணவர் போன பிறகு பெயரளவுக்கு உறுப்பினராச் சேர்த்துட்டு விட்டுடறாங்க. அம்மா தனியாப் போக வேண்டாம். அப்பாவோட நண்பர்களின் மனைவிமார் நாலு பேரையாவது அழைச்சுக்கிட்டுப் போகச் சொல்லுங்க. முதல் கூட்டத்திலேயே கேட்கவும் சொல்லுங்க: குடும்ப ஓய்வூதியர் எத்தனை பேர் உறுப்பினர், அவங்கள்ல எத்தனை பேர் செயற்குழுவில்?

பழைய ஆர்.எம்.எஸ்.:

டீச்சர் சொன்னதை ஏத்துக்கறேன், நாங்க செய்யத் தவறின காரியம் அது. உயிரோட இருக்கோம்னு வருஷா வருஷம் கொடுக்கிற ஆயுள் சான்றுக்கு நவம்பரில் முகாம் போடுவோம், அதுக்கு மட்டும் பெண்கள் நிறைய வருவாங்க. பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சு ரேகை அழிஞ்ச விரல்கள், கருவியில் எத்தனை தடவை வெச்சாலும் சிவப்பு விளக்குதான் எரியும். இப்போ போனில் முகம் காட்டற முறை வந்த பிறகு பரவாயில்லை. "கண்ணைச் சிமிட்டுங்கம்மா"ன்னு சொன்னா சிரிச்சுடுவாங்க, படம் கலைஞ்சுடும், திரும்ப எடுக்கணும். 80 ஆனவங்க அக்டோபர் 1-லிருந்தே கொடுக்கலாம், நவம்பர் நெரிசலுக்கு முன்னாலேயே முடிஞ்சுடும். நடக்க முடியலைன்னா தபால்காரரே வீட்டுக்கு வந்து எடுப்பார், 70 ரூபாய் கட்டணம்.

பிறந்த தேதிக்கு: ஆதார், பான், வாக்காளர் அட்டை இதில் எதில் தேதி, மாசம், வருஷம் முழுசா இருக்கோ அந்த நகலோட பென்ஷன் வழங்கும் அலுவலகத்துக்கு இப்போவே மனுக் கொடுங்க. ஒரு அட்டைக்கும் இன்னொரு அட்டைக்கும் தேதி வித்தியாசம் இருக்கான்னு முதல்ல பாருங்க. கொடுத்த மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீங்க.

இன்னொரு விஷயம், இப்போ சேரச் சொல்றதுக்குப் பெரிய காரணமே இதுதான். 2025 நிதிச் சட்டத்தில், ஓய்வு பெற்ற தேதியை வைத்து ஓய்வூதியர்களை வகை பிரிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு, எப்போதும் இருந்ததாகவே கருதணும்னு ஒரு பகுதி சேர்த்திருக்காங்க. இப்போ வாங்கற பென்ஷனில் இதனால் மாற்றம் இல்லைன்னு அமைச்சர் சொன்னார். ஆனா நகரா தீர்ப்பு எந்தத் தேதிக் கோட்டை அழிச்சதோ அதைத் திரும்பப் போட வழி இது என்பது சங்கங்களின் அச்சம், என் அச்சமும் அதுதான். எட்டாவது ஊதியக் குழுவும் அமைச்சாச்சு. பழைய ஓய்வூதியருக்கும் திருத்தம் உண்டான்னு கேட்க ஆள் வேணும். தனித்தனியா கடிதம் எழுதினா குப்பைக்கூடைக்குத்தான் போகும்.

நூற்பாலை மகன்:

பென்ஷன் ஆயிரம் ஐயா, கோபமாப் பேசிட்டேன், ஆனா கேட்டதில் தப்பில்லைன்னுதான் இப்பவும் நினைக்கிறேன். அப்பாவை அழைச்சுக்கிட்டு வந்தா என்னென்ன எடுத்துக்கிட்டு வரணும்?

பென்ஷன் ஆயிரம்:

தப்பே இல்லை தம்பி. பி.பி.ஓ. நகல், பென்ஷன் வர்ற பாஸ்புக், மில்லில் சேர்ந்த தேதியும் விலகின தேதியும் தெரியற ஏதாவது ஒரு காகிதம். பழைய இ.எஸ்.ஐ. கார்டு இருந்தாலும் கொண்டு வாங்க, சேர்ந்த தேதிக்கு அது உதவும். பென்ஷனுக்கான சர்வீஸ் 20 வருஷம் முடிச்சவங்களுக்குக் கணக்கில் ரெண்டு வருஷம் போனஸாச் சேர்க்கணும்னு விதி இருக்கு. அப்பாவுக்கு அதைச் சேர்த்தாங்களான்னு முதல்ல பார்க்கலாம். சந்தா பத்தி இப்போ பேச வேண்டாம். உங்களுக்கு லேப்டாப் இருக்கா? இருந்தா அதையும் எடுத்துட்டு வாங்க, அக்கவுண்டன்ட் ஐயாவோட பேத்தி காலேஜுக்குப் போயிட்டா, ஏத்த ஆள் இல்லை.